பீங்கான் கூட்டுப்பொருள் துண்டுகளுக்கு இடையே அடைப்புத் தகடு அமைப்பது எப்படி?

கேஸ் டர்பைனில் சுழலும் பிளேடுகளைச் சுற்றி ஒரு வளையம் இருக்கும். அது ஒரே வார்ப்பு அல்ல. பல துண்டுகளை வரிசையாக வைத்து அமைத்தது. 2016-ல் பயணிகள் சேவைக்கு வந்த லீப் என்ற விமான எஞ்சினில் இந்தத் துண்டுகள் சிலிக்கன் கார்பைடு இழையும் அதே பொருளின் நிரப்பியும் சேர்ந்த கூட்டுப்பொருளால் ஆனவை. எடை உலோகத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. வெப்பத்தையும் அதிகம் தாங்கும். துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே உள்ள சந்துதான் தலைவலி.

கீழே வரும் எண்கள் கணக்குப் பழக நான் எடுத்துக்கொண்டவை. எந்த எஞ்சினின் அளவும் அல்ல.

படி 1: சந்தின் மொத்தப் பரப்பைக் கணக்கிடுங்கள்

40 துண்டுகள், ஒவ்வொன்றும் 60 மி.மீ. அகலம், சந்தின் நீளம் 40 மி.மீ., சூட்டில் இடைவெளி 0.6 மி.மீ. என்று கொள்வோம். மொத்தம் 960 சதுர மி.மீ. வருகிறது. வளையத்தில் 35 மி.மீ. விட்டமுள்ள ஓட்டை போட்டதற்குச் சமம்! அமுக்கி பாடுபட்டு அழுத்திய காற்று அதன் வழியே வீணாகும்.

படி 2: மூன்று நிலைகளில் இடைவெளியைக் கணக்கிடுங்கள்

அவசரப்படாமல் செய்ய வேண்டிய படி இதுதான். தண்டவாளத்தைப் போல, சூடானால் இடைவெளி குறையும் என்றே மனம் சொல்லும். உலோகத் துண்டுகளில் பெரும்பாலும் அப்படித்தான். இங்கே கதை வேறு. கூட்டுப்பொருள் ஒரு டிகிரிக்கு மீட்டருக்குச் சுமார் 4.5 மைக்ரோமீட்டர் விரியும். அதைப் பிடித்திருக்கும் உலோகத் தாங்கு வளையமோ சுமார் 14 மைக்ரோமீட்டர் விரியும். வளையம் பெருத்தால் துண்டுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகும்.

20 டிகிரி செல்சியஸில் இடைவெளி 0.35 மி.மீ. என வையுங்கள்.

எஞ்சின் திடீரென வேகமெடுக்கும்போது துண்டு 1200 டிகிரி, தாங்கு வளையம் இன்னும் 100 டிகிரிதான். துண்டு 0.32 மி.மீ. வளர்கிறது, வளையம் தரும் இடம் 0.07. மிச்சம் 0.10 மி.மீ.

நிலையான ஓட்டத்தில் வளையம் 700 டிகிரியை எட்டினால் அது தரும் இடம் 0.57. இடைவெளி 0.60 ஆகிறது.

நிறுத்தியபின் துண்டு 400 டிகிரிக்கு இறங்கிவிட, வளையம் 600-ல் நிற்கிறது. இடைவெளி 0.73. மூன்றிலும் பெரியது இதுவே.

ஆகவே ஓட்டத்தில் கசிவைக் குறைக்கிறேன் என்று குளிர்நிலை இடைவெளியை 0.2 ஆக்கினால், வேகமெடுக்கும்போது துண்டுகள் மோதி ஓரம் உடையும். பீங்கான் உலோகத்தைப் போல நசுங்கிக் கொடுக்காது.

படி 3: காடியும் தகடும்

இரு துண்டுகளின் பக்கவாட்டிலும் எதிரெதிராகக் காடி, அதாவது நீளப் பள்ளம், வெட்டி, இரண்டுக்கும் பாலமாக மெல்லிய தகட்டைச் செருக வேண்டும். காடி ஆழம் 2.5 மி.மீ., தகட்டின் அகலம் 4.5 மி.மீ. என்றால், மிகக் குறுகிய நிலையில் உள்ளிடம் 5.10, தகடு இறுகாது. மிக விரிந்த நிலையில் தகடு ஒரு பக்கமே ஒதுங்கினாலும் மறு காடியில் 1.27 மி.மீ. பிடிப்பு இருக்கும், கழன்று விழாது. தகட்டின் தடிமன் 0.3 என்றால் காடியின் வாயை அதைவிடத் தாராளமாக வையுங்கள். பக்கத்துத் துண்டுகள் ஒரே மட்டத்தில் அமர்வது அரிது.

காடியை வைரச் சக்கரத்தால் தேய்த்து வெட்டலாம். உள்மூலைகளைக் கூராக விடாதீர்கள். இழை அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரியும் திசையில்தான் இந்தப் பொருளுக்குப் பலம் குறைவு. கூரான மூலையில் விரிசல் அங்கேதான் தொடங்கும்.

படி 4: தகடு எங்கே உட்கார வேண்டும்?

குளிர்காற்றுப் பக்கத்தில், சூடான முகத்திலிருந்து எட்டத்தில். பின்னாலிருக்கும் குளிர்காற்றின் அழுத்தம், எரிந்து வரும் சூடான வாயுவின் அழுத்தத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். அந்த வேறுபாடுதான் தகட்டைக் காடிச் சுவரோடு அழுத்தி அடைப்பைத் தருகிறது. நெசவின் மேடுபள்ளம் சுவரில் தெரிந்தால் அதன் வழியே கசியும். தகடு அமரும் முகத்தையாவது வழவழப்பாக்குங்கள். கசிவை அறவே ஒழிக்க முயலாதீர்கள். சிறிதளவு காற்று சந்தில் ஓடினால்தான் சூடான வாயு உள்ளே புகாது, தகடும் பிழைக்கும்.

படி 5: தொடும் இடத்தில் வேதியியல்

நிக்கலும் சிலிக்கனும் சூட்டில் சேர்ந்தால், 1000 டிகிரிக்குக் கீழேயே உருகும் கலவை உருவாகக்கூடும். வெறும் நிக்கல் கலப்புலோகத் தகட்டைச் சூடான காடியில் நேரடியாக உரச விடக்கூடாது. நடுவே அலுமினா போன்ற ஆக்சைடு படலம் வேண்டும். எரிந்து வரும் சூடான வாயுவிலுள்ள நீராவி இன்னொரு எதிரி. சிலிக்கன் கார்பைடின்மேல் உருவாகும் சிலிக்காவை ஆவியாக்கி, பரப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துவிடும். இதற்காகத்தான் இட்டர்பியம் சிலிக்கேட் போன்ற பூச்சு பூசுகிறார்கள். காடி வெட்டும்போது அந்தப் பூச்சின் விளிம்பு பெயராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 6: சோதனை

முதலில் குளிர்காற்றை அழுத்தி, கசியும் அளவைத் தகடு இல்லாமலும் தகடுடனும் அளவிடுங்கள். பல தகடுகள் சந்திக்கும் மூலைகளைத் தனியே கவனியுங்கள். நீளவாட்டில் அடைத்த காற்று அங்கேதான் வழி கண்டுபிடிக்கும். பிறகு பலமுறை சூடாக்கிக் குளிரவைத்து, தகட்டைக் கழற்றி உருப்பெருக்கியில் பாருங்கள். ஒட்டிக்கொண்ட புள்ளிகள் தெரிந்தால் படி 5-க்குத் திரும்புங்கள். நீளமான கீறல்கள் மட்டும் என்றால் காடிச் சுவரை இன்னொரு முறை தேய்த்தால் போதும்.