ஒகேனக்கல் கிளம்பும் முன் பிலிகுண்டுலுவைப் பாருங்கள்

தர்மபுரியில் வெயில் கொளுத்தினாலும் ஒகேனக்கல்லில் வெள்ளம் வரலாம். குடகிலும் வயநாட்டிலும் மழை கொட்டி, கர்நாடகத்தின் கிருஷ்ணராஜசாகர், கபினி அணைகள் நிரம்பினால், திறந்துவிடும் நீர் முழுக்க இந்தக் குறுகிய பாறை இடுக்கு வழியாகத்தான் பாயும். அதனால் புறப்படும் அன்று காலையில், காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் இடமான பிலிகுண்டுலுவில் வினாடிக்கு எத்தனை கன அடி நீர் வருகிறது என்று செய்தியில் பாருங்கள். நீர்வரத்து ஏறிக்கொண்டே போனால் பரிசலுக்கும் குளிக்கவும் தடை வந்துவிடும். பிள்ளைகளோடு அவ்வளவு தூரம் போய் ஏமாறாதீர்கள்.

பரிசலில் ஏறினால் லைஃப் ஜாக்கெட்டின் வார்களை இறுக்கிக் கட்டுங்கள், சும்மா தோளில் மாட்டினால் போதாது. அப்புறம், செல்ஃபிக்காக நடுவில் எழுந்து நிற்கவே வேண்டாம். வட்டமான பரிசல், ஒரு பக்கம் எடை கூடினாலே சாய்ந்துவிடும்.