சார்புகளின் சேர்க்கை: விடை சரி, மதிப்பகம் தவறு

சார்புகளின் சேர்க்கையைப் புதிதாகப் போடும் பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்தும்போது, நாங்கள் படித்த காலத்தில் செய்த அதே பிழைகள் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகின்றன. சேர்க்கைக் குறியைப் பெருக்கல் என்று நினைப்பது, அடைப்புக்குறியை விட்டுவிடுவது எல்லாம் ஒருமுறை சுழித்துக் காட்டினால் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

இங்கே சார்புகளை ப, ச என்றும் மாறியைக் க என்றும் எழுதுகிறேன். ப∘ச என்றால் ப(ச(க)). முதலில் ச, அப்புறம் ப. ஒரு சார்பில் போடக்கூடிய எண்கள் எல்லாம் சேர்ந்ததுதான் அதன் மதிப்பகம்.

கடைசி வரியைப் பார்த்து மதிப்பகம் எழுதுவது

எனக்கு இன்றுவரை எரிச்சல் தருவது இதுதான். ப(க) = க², ச(க) = √(க−3) என்று வையுங்கள். ப∘ச போட்டால் வர்க்கமும் வர்க்கமூலமும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு க−3 மிஞ்சும். உடனே "மதிப்பகம் எல்லா மெய்யெண்களும்" என்று எழுதிவிடுகிறார்கள். தவறு. க = 1 என்று போட்டால் முதல் படியிலேயே √(−2) வந்து நிற்கிறது. மெய்யெண்களுக்குள் அதற்கு மேல் போக வழியில்லை. க ≥ 3 என்பதுதான் மதிப்பகம். வரைபடமும் முழு நேர்கோடு அல்ல. (3, 0) என்ற புள்ளியில் தொடங்கி வலப்பக்கம் மட்டும் போகும் கதிர்.

நன்றாகக் கணக்குப் போடும் ஒரு மாணவியிடம் இதே சார்பைக் கொடுத்து, ப(ச(க)) = −5 என்பதைத் தீர்க்கச் சொன்னேன். க−3 = −5, ஆகவே க = −2 என்று நொடியில் எழுதிவிட்டாள். "ச-வில் −2 போட்டுப் பாரும்மா" என்றேன். √(−5) என்று எழுதியவள் பேனாவை வைத்துவிட்டாள். இந்தச் சமன்பாட்டுக்குத் தீர்வே இல்லை. ஒரு வர்க்கம் −5 ஆக முடியாது என்பது சுருக்குவதற்கு முன் பளிச்சென்று தெரிந்தது, சுருக்கியதும் மறைந்துவிட்டது.

பின்னங்களில் இது இன்னும் மோசம். ம(க) = 1/(1−க) என்பதை இரண்டு முறை போட்டால் (க−1)/க வரும். மூன்று முறை போட்டால் வெறும் க. அதைப் பார்த்ததும் "இது சமனிச் சார்பு", அதாவது போட்ட எண்ணையே திருப்பித் தரும் சார்பு, என்று முடித்துவிடுகிறார்கள். ஆனால் 0-வைப் போட்டால் முதலில் 1 வரும். அந்த 1-ஐ மறுபடி போட்டால் பகுதி பூச்சியமாகிவிடும். ஆகவே 0, 1 இரண்டுமே மதிப்பகத்தில் இல்லை. கடைசி வரியில் இதற்கு ஒரு தடயமும் கிடையாது.

பத்தாம் வகுப்பில் பெரும்பாலும் எல்லா மெய்யெண்களுக்கும் பொருந்தும் சார்புகளையே கொடுக்கிறோம். அதனால் மதிப்பகத்தைப் பற்றி யோசிக்கும் பழக்கமே வருவதில்லை. இது பிள்ளைகள் குற்றம் மட்டும் இல்லை, எங்கள் குற்றமும்தான். சுருக்குவதற்கு முன்னால் இரண்டு கேள்விகளுக்கு விடை எழுதுங்கள்: க, ச-வின் மதிப்பகத்தில் இருக்கிறதா? ச(க), ப-வின் மதிப்பகத்தில் இருக்கிறதா? அப்புறம் சுருக்குங்கள்.

வரிசை

மேலே உள்ள அதே சார்புகளை மாற்றிப் போட்டால் ச∘ப = √(க²−3). மதிப்பகம் க ≥ √3 அல்லது க ≤ −√3. விடையும் வேறு, மதிப்பகமும் வேறு.

நேர்மாறு

ஒரு சார்பு செய்ததைத் திருப்பிப் பழைய எண்ணைத் தருவது அதன் நேர்மாறு. ப, ச இரண்டுக்கும் நேர்மாறு இருந்தால் (ப∘ச)⁻¹ = ச⁻¹∘ப⁻¹. வரிசை திரும்பும்.

தலைமேல் உள்ள எண்

ப²(க) என்பதைச் சில புத்தகங்கள் ப(ப(க)) என்ற பொருளில் எழுதுகின்றன, சில புத்தகங்கள் ப(க)-வின் வர்க்கமாக எழுதுகின்றன. முக்கோணவியலில் சைன்²க என்றால் வர்க்கம். ஆனால் சைன்⁻¹க என்றால் 1/சைன் க இல்லை, நேர்மாறுச் சார்பு. இந்த −1 குறியீட்டை 1813-இல் கொண்டுவந்தவர் ஜான் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய அறிஞர். ஒரே இடத்தில் எழுதும் எண்ணுக்கு இரண்டு பொருள் இருப்பதால், புதுப் புத்தகம் எடுத்தால் ப² எதைக் குறிக்கிறது என்று அதன் வரையறையைப் படித்துவிட்டுக் கணக்கைத் தொடுங்கள்.