அட்டை இருக்கிறது, பட்டியலில் பெயர்?

2024 ஏப்ரல் 19, மக்களவைத் தேர்தல் நாள். பாம்பன் பக்கம் ஒரு வாக்குச்சாவடியில், கடல்பாசி எடுக்கிற அம்மா ஒருவர் சுருக்குப்பையிலிருந்து வாக்காளர் அட்டையை எடுத்து நீட்டினார். விரல்களில் பாறை கிழித்த தழும்புகள். பட்டியலில் பெயர் இல்லை. "அட்டை இருக்கேய்யா?" என்று இரண்டு தடவை கேட்டார். இடையில் வீடு மாறியிருக்கிறார். பெயர் போனதை யாரும் சொல்லவில்லை, அவரும் பார்க்கவில்லை.

இந்தக் கரையில் நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான். ஓட்டைத் தருவது அட்டை அல்ல, பட்டியலில் இருக்கும் பெயர். அட்டை தொலைந்தால்கூட ஆதார், நூறு நாள் வேலை அட்டை, போட்டோ ஒட்டிய பாஸ்புக் என்று எதையாவது காட்டலாம் (ரேஷன் கார்டு செல்லாது). பெயர் இல்லையென்றால் ஒன்றும் செய்ய முடியாது. புதிதாகச் சேர படிவம் 6, வீடு மாறினால் படிவம் 8, சந்தேகம் என்றால் 1950 என்ற தேர்தல் உதவி எண்ணுக்கு ஒரு போன். தேர்தல் தேதி வந்தபிறகு ஓடாமல், காற்றடித்துக் கடலுக்குப் போகாத ஒரு நாளில் பார்த்துவிடுங்கள்.

அப்புறம், மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15-ல் விசைப்படகுகள் கரையில் நின்றுவிடும், ஆண்கள் எல்லாம் ஊரில்தான் இருப்பார்கள் என்று நினைக்கிறோம். அந்த 61 நாளில்தான் பலர் கேரளாவுக்கும் மங்களூருக்கும் பஸ் ஏறுகிறார்கள். அங்கே இருந்துகொண்டு தபால் ஓட்டெல்லாம் போட முடியாது.

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பின மக்களை எழுத்தறிவுத் தேர்வு என்ற பெயரில் பட்டியலுக்கு வெளியே நிறுத்தி வைத்தார்கள். அதை உடைக்க 1965-ல் வாக்குரிமைச் சட்டம் வரவேண்டியிருந்தது. நமக்கு 1951-52 முதல் பொதுத்தேர்தலிலேயே, படித்தவர் படிக்காதவர், எந்தச் சாதி என்று பார்க்காமல் ஓட்டு வந்துவிட்டது. இங்கே தடை வேறு வழியில் வருகிறது: ஊர்க் கூட்டம்.

"நம்ம ஊர் ஓட்டு இந்தச் சின்னத்துக்கு" என்று அங்கே பேசி முடித்துவிடுவார்கள். அந்தக் கூட்டத்தில் பெண்கள் இருக்கமாட்டார்கள். ஊர்க் கடைசியில் இருக்கும் காலனியை யாரும் கேட்கமாட்டார்கள். மாற்றிப் போட்டால் தெரிந்துவிடுமோ என்ற பயம் பாதி சரி, பாதி தவறு. பூத் வாரியாகக் கணக்கு வெளியாவதால் தெருவின் போக்கை ஊகிக்கலாம். நீங்கள் எந்தப் பொத்தானை அழுத்தினீர்கள் என்பது உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது, நீங்களே டீக்கடையில் சொன்னால் ஒழிய.

உள்ளாட்சியில் இது இன்னும் மோசம். தலைவர் பதவியை ஏலம் விட்டு, கோயிலுக்குப் பணம் கட்டியவரைப் போட்டியில்லாமல் உட்கார வைப்பதை "ஊருக்கு நல்லதுதானே" என்கிறார்கள். சரி, அந்த ஏலத்தில் கூலி வேலை செய்கிறவர் கை தூக்க முடியுமா? தலைவர் பதவியைப் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கிய மதுரை மாவட்டப் பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் 1996 முதல் 2006 வரை ஒரு தலைவரையும் நிலைக்க விடவில்லை. அதே மாவட்டத்து மேலவளவில் அப்படி ஒதுக்கிய பதவியில் தலைவராக வென்ற முருகேசனை 1997-ல் கொன்றார்கள். ஒரு நாற்காலிக்கு இவ்வளவு எதிர்ப்பு என்றால் அதன் மதிப்பு புரியும். அப்படி வந்த தலைவரைத் தனியே விட்டுவிட்டு, கிராமசபைக்குப் போகாமல் இருப்பதும் தவறுதான். ஜனவரி 26-லிருந்து நவம்பர் 1 வரை வருடத்தில் ஆறு கூட்டம். காலனிக்குத் தண்ணீர்க் குழாய் ஏன் வரவில்லை என்று அங்கே கேட்டுத் தீர்மானத்தில் ஏற்றலாம்.

பெயரை மட்டும் பார்த்துப் பொத்தானை அழுத்தாதீர்கள். 2024-ல் நம் ராமநாதபுரம் தொகுதியில் ஓ. பன்னீர்செல்வம் என்ற பெயரிலேயே பலர் நின்றார்கள். சின்னத்தையும் படத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

கடைசியாக, மண்டபம் இலங்கை அகதிகள் முகாமில் இருப்பவர்கள் யாருக்கும் ஓட்டு கிடையாது என்ற பேச்சு. 1950 ஜனவரி 26 அன்றோ அதற்குப் பிறகோ, 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் அகதிகளாக வந்திருந்தாலும் பிறப்பால் இந்தியர் என்கிறது குடியுரிமைச் சட்டம். அந்த முகாமில் 1986-ல் பிறந்த ஒரு பெண் இதைச் சொல்லியே உயர்நீதிமன்றம் போனார், பாஸ்போர்ட் வாங்கினார், 2024-ல் முதல் ஓட்டைப் போட்டார். உங்கள் வீட்டிலும் அந்த வயதில் யாராவது இருந்தால், பிறப்புச் சான்றிதழைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தேதியைப் பாருங்கள்.