ஆசிரியர் பயிற்சிக்கு நிதி கேட்பது எப்படி? ஒரு கணக்கு நோட்டிலிருந்து தொடங்கலாம்

பென்னாகரம் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். கல்லூரியோடு சேர்ந்து ஆசிரியர் பயிற்சி நடத்த வெளியிலிருந்து நிதி கிடைக்குமா என்று தருமபுரி, கிருஷ்ணகிரி ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். கிடைக்கும். முதல்முறை எழுதுகிறவர்களுக்காக வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: பிள்ளைகளுக்கு எது வரவில்லை?

எங்கள் முதல் விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. ப்ரொஜெக்டர், நாற்காலி, மைக் என்று பட்டியல் போட்டிருந்தோம். பிள்ளைகளுக்கு என்ன வரவில்லை என்று ஒரு வரிகூட இல்லை. அடுத்த முறை ஆறாம் வகுப்பு நோட்டுகளை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். பல நோட்டுகளில் 1/2 + 1/3 = 2/5 என்று இருந்தது. மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டியிருந்தார்கள். 2/5 என்பது அரையைவிடச் சின்னது. கூட்டினால் எப்படிக் குறையும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. தோன்ற வைக்கும் வழி எங்களுக்கும் சரியாகத் தெரியவில்லை. இந்த ஒரு கணக்கைத்தான் விண்ணப்பத்தின் முதல் பத்தியாக எழுதினோம்.

படி 2: யாரோடு சேர்வது?

முதலில் உங்கள் மாவட்ட 'டயட்', அதாவது மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம். அப்புறம் பக்கத்துக் கல்லூரி. நம் இரண்டு மாவட்டக் கலைக் கல்லூரிகளும் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் வருகின்றன. அதன் முதுநிலை மையம் தருமபுரி பைசுஅள்ளியில் இருக்கிறது. பி.எட். கல்லூரிகள் தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை. துறைத் தலைவரைப் பார்க்கப் போகும்போது அந்த நோட்டையும் எடுத்துப் போங்கள். பேச்சு அதிலிருந்தே ஆரம்பிக்கும். யார் என்ன செய்வது என்பதை இரண்டு பக்கப் புரிந்துணர்வு ஒப்பந்தமாக எழுதி, தலைமை ஆசிரியர் மூலம் கல்வி அலுவலரின் அனுமதியை வாங்கிவிடுங்கள்.

படி 3: பணம் எங்கே?

2013 ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135 ஆவது பிரிவுப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ விற்பனையோ நிகர சொத்துமதிப்போ உள்ள நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். கல்வியும் அதில் அடக்கம். தொழில் நடக்கும் பகுதிக்கு முன்னுரிமை தரச் சொல்கிறது சட்டம். ஓசூர் தொழிற்சாலைகளுக்குப் பக்கத்திலேயே இருக்கும் நமக்கு இது பெரிய வாய்ப்பு. தனி ஆசிரியர் பெயரில் பணம் வராது, சி.எஸ்.ஆர்-1 பதிவு (கம்பெனிகளின் சமூகப் பணி நிதியை வாங்கிச் செலவிட மத்திய அரசிடம் செய்யும் பதிவு) உள்ள அறக்கட்டளை மூலமாகவோ, அரசுப் பள்ளிகளுக்கு நன்கொடை திரட்ட 2022 இல் தமிழக அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம் மூலமாகவோ முயலலாம்.

படி 4: பட்ஜெட்

நிறையப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். முழுத் தொகையையும் பயிற்சி நாளுக்கே போட்டுவிடுகிறார்கள். ஒருநாள் பயிற்சியில் கேட்டது திங்கட்கிழமை வகுப்பறைக்குள் நுழைந்ததும் கரைந்துபோவதை நான் எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். கல்லூரிப் பேராசிரியர் பள்ளிக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பாடத்தைப் பார்த்து, அப்புறம் ஆசிரியரோடு அரைமணி நேரம் பேச வேண்டும். 10 பள்ளிகளுக்கு மும்மூன்று முறை என்றால் 30 வருகை. அதற்கான வண்டிச் செலவையும் மதிப்பூதியத்தையும் முதல் வரியிலேயே எழுதுங்கள்.

ஆசிரியர்களின் பயணப்படியும் முக்கியம். 20 பேர், 6 சனிக்கிழமை, ஆளுக்கு 200 ரூபாய் என்றால் 24,000 ரூபாய். அஞ்செட்டியிலிருந்து கிருஷ்ணகிரிக்கு பஸ் மாறி வருகிறவரிடம் சொந்தக் காசைச் செலவழிக்கச் சொல்வது நியாயமில்லை. தளி, அஞ்செட்டிப் பக்கத்து ஆசிரியர்களுக்குத் தேன்கனிக்கோட்டையிலேயே பயிற்சியை வைத்துவிட்டால் இன்னும் நல்லது.

பி.எட். இரண்டு ஆண்டுப் படிப்பான பிறகு பயிற்சி மாணவர்கள் வாரக்கணக்கில் பள்ளியில் இருக்கிறார்கள். காகிதக் கீற்றுகளை மடித்துப் பின்னம் சொல்லித்தரும்போது அவர்களையும் கூட வைத்துக்கொள்ளலாம். இதற்குத் தனிச் செலவு கிடையாது.

படி 5: கணக்கும் அறிக்கையும்

தனி ரொக்கப் பதிவேடு வையுங்கள், ரசீதுகளுக்கு எண் போடுங்கள், முடிவில், பணம் சொன்ன வேலைக்கே செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழைக் கொடுங்கள். பயிற்சிக்கு முன்னும் பின்னும் பிள்ளைகளுக்கு ஒரே மாதிரியான பத்துக் கணக்குகளைக் கொடுத்துப் பாருங்கள். அறிக்கையில் விழா போட்டோக்களைக் குறைத்துக்கொண்டு, ஒரே பிள்ளையின் பழைய நோட்டுப் பக்கத்தையும் புதிய பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுத்து அடுத்தடுத்து இணையுங்கள். பிள்ளையின் பெயரை மட்டும் மறைத்துவிடுங்கள்.