ஹைலக்ஸில் தடித்த சுவே பார் பொருத்துதல்: இறுதி இறுக்கத்தில் நான் விட்ட பிழை

என் ஹைலக்ஸ் டபிள் கப் பிக்கப்பை இரண்டு அங்குலம் உயர்த்திக் கூரையில் சாமான் ஏற்றும் தட்டு ஒன்றும் பொருத்திய பிறகு, கிண்ணியாப் பாலம் தாண்டி மூதூர் நோக்கிச் செல்லும் ஏ-15 வீதியின் வளைவுகளில் அது வள்ளம்போல் ஒரு பக்கம் சாயத் தொடங்கியது. மணல் பாதையில் ஊர்ந்து செல்லும்போது தெரியாத அந்தச் சாய்வு, மணிக்கு 60 கிலோமீற்றரில் திரும்பும்போது பக்கத்தில் இருப்பவரின் கை தானாகவே பிடியைத் தேடும் அளவுக்கு இருந்தது. முன்பக்கச் சுவே பாரைத் தடித்ததாக மாற்றியதும் சாய்வு நன்றாகக் குறைந்தது. ஆனால் ஒரே வேலையை நான் இரண்டு தடவை செய்ய நேர்ந்தது.

சுவே பாரைத் திருகோணமலைக் கராஜ்களில் ஸ்டெபிலைசர் என்று கேட்டால் உடனே விளங்கும். அது வளைந்த உருக்குக் கம்பி. நடுப்பகுதியை இரண்டு D எழுத்து வடிவப் புஷ்கள் (மெத்தென்ற உறைகள்) வாகனத்தின் அடிச்சட்டமான சசியோடு பிடித்திருக்க, இரு முனைகளையும் லிங்குகள் எனும் சிறு இணைப்புத் தண்டுகள் சக்கரப் பக்கத்தோடு இணைக்கின்றன. இரு சக்கரங்களும் ஒன்றாக எழுந்தால் அது புஷ்ஷுக்குள் சும்மா சுழலும். ஒன்று மட்டும் எழுந்தால் முறுகி, அந்த அசைவை எதிர்க்கும். வளைவில் உதவுகின்ற இதே எதிர்ப்புத்தான் பள்ளமும் மேடுமான காட்டுப் பாதையில் சக்கரம் தாராளமாக இறங்குவதைத் தடுக்கிறது என்பதால், தடிப்பைக் கூட்டுவதற்கு முன் உங்கள் ஓட்டம் எத்தகையது என்று யோசியுங்கள்.

முறுக்கு விறைப்பு கம்பியின் விட்டத்தின் நான்காம் அடுக்கோடு கூடுகிறது. 25 மில்லிமீற்றர் திண்மக் கம்பிக்குப் பதிலாக அதே வடிவில் 28 மில்லிமீற்றர் கம்பியைப் போட்டால் விறைப்பு ஏறக்குறைய 1.57 மடங்காகும், 30 போட்டால் இரண்டு மடங்கைத் தாண்டும். கடைக்காரர் "மூன்று மில்லிமீற்றர்தானே" என்று சொன்னால் இக்கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் மட்டும் அளவுக்கு மீறி விறைத்தால், மாரி மழையில் நனைந்த வீதியில் ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வாகனம் நேராகவே வழுக்கிச் செல்லப் பார்க்கும். எனக்கு 28 போதுமாக இருந்தது. ஷொக் அப்சோர்பர் தேய்ந்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். அந்தக் குறையைச் சுவே பார் தீர்க்காது.

படி 1. முந்தைய நாள் மாலையே எல்லா நட்டுகளுக்கும் துரு இளக்கும் எண்ணெய் தெளித்து விடுங்கள். கடற்கரை ஊரில் இது தவிர்க்கக்கூடிய படியல்ல. லிங்கின் போல் ஜொயின்ட் (பந்து மூட்டு) நட்டைக் கழற்றும்போது உள்ளிருக்கும் தண்டும் சேர்ந்து சுழலும். அதன் முனையிலுள்ள அறுகோணத் துளையில் எலன் கீயைச் செருகிப் பிடித்துக்கொண்டு ஸ்பானரால் திருப்ப வேண்டும். துளை துருவில் தேய்ந்து போயிருந்தால் மல்லுக்கட்டாமல் கிரைண்டரால் வெட்டிவிட்டுப் புது லிங்க் வாங்குங்கள்.

படி 2. வாகனத்தைக் கொங்கிறீற்றுத் தரையில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன்பக்கத்தை ஜாக்கால் உயர்த்தி இரண்டு அக்சில் ஸ்டாண்டுகளில் இருத்துங்கள். நிலாவெளிப் பக்கத்து வீட்டு முற்றங்களைப் போன்ற மணல் தரையாக இருந்தால் இவ்வேலையைத் தொடங்கவே வேண்டாம்; ஜாக் மெல்லப் புதையும்.

படி 3. பழைய பாரைக் கழற்றுமுன் கைபேசியில் படம் எடுத்து, இடப்பக்கத்தைப் பெயின்ற்றால் குறித்து, புஷ்ஷின் பிளவு எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்பதையும் கவனியுங்கள். புதிய புஷ்ஷின் உள்விட்டம் புதிய பாருக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். பொலியூரித்தேன் புஷ் நீடிக்கும் என்பார்கள். கடற்கரை மணல் உள்ளே புகுந்தால் அது கீச்சிடும் என்பதால் நான் றப்பரையே விரும்புகிறேன். பொலியூரித்தேன்தான் வேண்டுமென்றால் சிலிக்கன் கிரீஸ் பூசுங்கள். சாதாரண கிரீஸ் றப்பரை ஊதச் செய்யும் என்பதால் றப்பர்ப் புஷ்ஷின் பக்கம் அதைக் கொண்டுபோகவே வேண்டாம்.

படி 4. புதிய பாரை ஏற்றி, எல்லா போல்ட்டுகளையும் கையால் மட்டும் பூட்டுங்கள். நான் தவறியது இங்கேதான். முதல் தடவை வலப்பக்கச் சக்கரத்தை மட்டும் ஜாக்கில் தூக்கி வைத்திருந்தேன். ஒரு சக்கரம் தொங்க மற்றது தரையில் நின்றதால் பார் முறுகியிருந்தது. லிங்கின் துளை பொருந்தவில்லை. அளவு பிழையாக்கும் என்று எண்ணி அலவாங்கால் நெம்பிப் பூட்டினேன். இரு பக்கத்தையும் ஒன்றாகத் தூக்கிய பிறகு அதே துளைகள் விரலால் தள்ளினாலே பொருந்துகின்றன.

இரண்டாவது பிழை இதைவிட நுட்பமானது. சக்கரங்கள் தொங்கிக்கொண்டிருந்த நிலையிலேயே எல்லாவற்றையும் முழுதாக இறுக்கிவிட்டேன். அந்நிலையில் இறுகிய றப்பர், வாகனம் தரைக்கு இறங்கியதும் தன் இயல்பு நிலையிலிருந்து திருகப்பட்டு, ஓட்டம் முழுதும் அத்திருகலைச் சுமந்துகொண்டேயிருக்கிறது. சில மாதங்களில் லிங்கின் கீழ்ப்புஷ் வெடித்து, சிறு குழியில் விழுந்தாலும் "டொக் டொக்" என்ற ஓசை எழுந்தது. ஆகவே வாகனத்தைத் தரையில் இறக்கி, இரண்டு மூன்று மீற்றர் முன்னும் பின்னும் நகர்த்தி, ஸ்பிரிங்குகள் அமர்ந்த பின்னரே இறுதி இறுக்கத்தைச் செய்யுங்கள். உள்ளே புக இடம் போதாவிட்டால் நான்கு சக்கரங்களையும் சம உயரமுள்ள சாய்தளங்களில் ஏற்றலாம். எடை சக்கரங்களில் நிற்பதே முக்கியம். இறுக்கும் விசையை அளந்து காட்டும் டோர்க் ரெஞ்ச் ஒன்றை இரவலாவது வாங்கி, உங்கள் மொடலின் சேர்விஸ் புத்தகத்திலுள்ள அளவுக்கு இறுக்குங்கள்.

படி 5. ஸ்டியரிங்கை இரு பக்கமும் எல்லை வரை திருப்பி, பாரின் முனை டயரிலோ பிரேக் குழாயிலோ உரசுகிறதா என்று பாருங்கள். பின்பு கந்தளாய் வரை, அதாவது ஏறக்குறைய 40 கிலோமீற்றர், ஓடித் திரும்பிவந்து, எல்லா நட்டுகளையும் மீண்டும் ஒருமுறை சரிபாருங்கள். என்னுடையதில் D புஷ்ஷின் ஒரு போல்ட் கால் சுற்று இளகியிருந்தது.

பின்சேர்க்கை: உயர்த்திய வாகனத்தில் பழைய நீளமுள்ள லிங்கையே போட்டுவிட்டு ஓசை நிற்கவில்லை என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். தரையில் நிற்கும்போது லிங்கும் பாரின் கையும் ஏறக்குறைய செங்கோணத்தில் இருக்க வேண்டும். உயர்த்தியதால் அக்கோணம் கெட்டிருந்தால் நீளமான லிங்க் தேவை. பின்பக்கத்துக்கும் பார் போடலாமா என்று கேட்ட இருவருக்கும் ஒரே பதில்தான்: கூரைப் பாரத்தோடு எப்போதும் ஓடுபவர்கள் போடலாம், ஆனால் பாரமேற்றாத வெறும் பின்தொட்டியோடு மழையில் ஓடுபவருக்குப் பின்பக்கம் விறைத்தால் வால் வழுக்கும். அப்படிப் போடுவதாயின், அக்சிலைச் சுற்றி யூ போல்ட் பூட்டும்போது அதன்மேல் செல்லும் பிரேக் குழாய் நசுங்காதபடி முதலில் அதைக் கிளிப்பிலிருந்து விடுவித்துக்கொள்ளுங்கள்.