டிவி அகலம்: இஞ்சுக்கு ஒரு நூல் கழியுங்கள்

டிவி யூனிட் செய்யச் சொல்லிப் போன் பண்ணுகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "டிவி என்ன சைஸ்?" திருநெல்வேலிப் பக்கம் எனக்கு அடிக்கடி வரும் பதில்: "43 இஞ்ச், அண்ணாச்சி. மூணரை அடி அகலம் வரும்." அந்த மூன்றரை அடி எங்கிருந்து வந்தது என்று கேட்கவே வேண்டாம். அட்டைப்பெட்டியில் 108 செ.மீ. என்று போட்டிருப்பதை அகலம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது திரையின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் குறுக்கே பிடித்த அளவு. இஞ்சில் சொன்னாலும் செ.மீ.யில் சொன்னாலும் டிவிக்கு அந்த மூலைவிட்டம்தான் பேச்சு.

அகலம் கண்டுபிடிக்கக் கால்குலேட்டர் வேண்டாம். எங்கள் தொழிலில் ஒரு இஞ்ச் என்றால் எட்டு நூல். டிவி எத்தனை இஞ்சோ அத்தனை நூலைக் கழித்துவிடுங்கள், மிச்சம் திரையின் அகலம். 43 இஞ்சுக்கு 43 நூல், அதாவது 5 இஞ்ச் 3 நூல். கழித்தால் 37 இஞ்ச் 5 நூல். நூல் கணக்கு பழக்கமில்லையென்றால் எட்டால் வகுத்து ஏழால் பெருக்குங்கள், அதேதான். உயரம் இன்னும் சுலபம்: சைஸில் பாதி. 43-க்கு இருபத்தொன்றரை.

இது ஏன் சரியாக வருகிறது? இப்போது விற்கிற டிவியெல்லாம் அநேகமாக அகலம் 16-க்கு உயரம் 9 என்ற விகிதம். 16-இன் வர்க்கம் 256, 9-இன் வர்க்கம் 81, கூட்டினால் 337. அதன் வர்க்கமூலம் 18.36, அதுதான் மூலைவிட்டம். 16-ஐ அதால் வகுத்தால் 0.872. எட்டில் ஏழு பங்கு 0.875. துல்லியமாகப் போட்டால் 43-க்கு 37.48 இஞ்ச், நம் கணக்கில் 37.63. ஒரு நூல் சொச்சம்தான் வித்தியாசம், அதுவும் கூடத்தான் செய்யும், குறையாது. மரவேலைக்கு அது நல்லது. (அகலமும் உயரமும் தெரிந்தால் மூலைவிட்டம் கண்டுபிடிக்க வாட்ஸ்அப்பில் போதையனார் பாட்டு என்று ஒன்று சுற்றுகிறதே, அதிலும் அகலத்தில் எட்டில் ஒன்றைத்தான் தள்ளச் சொல்கிறது. 16-இல் 2 போக 14, அதோடு 9-இல் பாதி நாலரை, ஆக பதினெட்டரை. மோசமில்லை. பாட்டு எவ்வளவு பழசு என்று சண்டை போடுகிறவர்கள் போட்டுக்கொள்ளட்டும்.)

இதுவரை வந்தது திரை மட்டும். சுற்றிலும் இருக்கிற சட்டத்துக்கு மொத்தமாக ஒரு இஞ்ச் சேருங்கள். புது டிவிகளில் அவ்வளவுகூட வராது. டிவியை மாடத்துக்குள் வைப்பதென்றால் பக்கத்துக்கு 2 இஞ்ச் விடுங்கள். கை உள்ளே போக வேண்டும், சூடு வெளியே வர வேண்டும். 43-க்கு எல்லாம் சேர்த்து 42 இஞ்ச் 5 நூல். கிட்டத்தட்ட டிவி சைஸ்தான் மாடத்தின் அகலமும்! 55-க்கு இதே கணக்கில் 53 சொச்சம், 55 வைத்தால் தாராளம். 32-க்கு மட்டும் ஒரு இஞ்ச் கூட்டி 33 வையுங்கள்.

பழைய ஷோகேஸ் வைத்திருப்பவர்கள் கேட்பது வேறு: "29 இஞ்ச் இருந்த இடம்தானே, 32 போகாதா? மூணு இஞ்ச்தானே கூட?" பழைய பெட்டி டிவி 4-க்கு 3. அதற்கு ஐந்தில் ஒரு பங்கைக் கழிக்க வேண்டும். 29-இல் திரையின் அகலம் 23 இஞ்ச் சொச்சம், உயரம் பதினேழரை. 32-இல் அகலம் 28, உயரம் 16-க்குள். அகலம் ஐந்து இஞ்ச் கூடும், உயரம் குறையும். மேலே வெறும் இடம் கிடக்கும், பக்கத்தில் டிவி போகுமா என்பதை ஷோகேஸின் உள் அகலத்தை அளந்துதான் சொல்ல முடியும்.

இடம் இருக்கிறது, என்ன சைஸ் வாங்கலாம் என்றால் கணக்கைத் திருப்புங்கள். ஜன்னலுக்கும் அலமாரிக்கும் நடுவே 4 அடி என்று வையுங்கள். 48-இல் பக்க இடைவெளிக்கு 4, சட்டத்துக்கு 1 போக 43. ஏழால் வகுத்து எட்டால் பெருக்கினால் 49. சுவரில் மாட்டுவதென்றால் 50 வாங்கலாம், ஒட்டி ஒட்டிப் போகும். மாடத்துக்குள் என்றால் நான் 43-தான் சொல்வேன்.

வீட்டில் இருக்கிற டிவியின் சைஸ் மறந்துபோனால் வெளிச்சம் வருகிற கண்ணாடியை மட்டும் குறுக்கே அளங்கள், சட்டத்தைச் சேர்க்காதீர்கள். எங்கள் இரும்பு டேப்பின் கொக்கி திரையைக் கீறிவிடும், தையல்காரர் டேப் போதும். 43 என்று வாங்கினது 42½ காட்டினால் பதற வேண்டாம். 108 செ.மீ. என்பதே நாற்பத்திரண்டரைதான், முழு 43 என்றால் 109 வந்திருக்கும்.

கால் வைத்து மேஜையில் நிறுத்துகிறவர்களுக்கு இந்தக் கணக்கு உதவாது. இரண்டு ஓரத்திலும் கால் இருக்கிற மாடலா, நடுவில் ஒரே பீடமா என்பது டிவிக்கு டிவி மாறும். கடையிலேயே கால்களுக்கு இடையே டேப் பிடித்துப் பார்த்துவிட்டு எனக்குப் போன் பண்ணுங்கள்.