லாங் வீக்எண்டில் டென்ட் போடப் போகிறீர்களா? தென்னாப்பிரிக்காவில் நம்மவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜோகன்னஸ்பர்க்கிலும் டர்பனிலும் வேலைக்கு வந்து தங்கியிருக்கும் தமிழர்கள், லாங் வீக்எண்ட் வந்தால் நண்பர்களோடு டிராகென்ஸ்பர்க் மலையடிவாரத்துக்கு டென்ட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்புவது இப்போது வழக்கமாகிவிட்டது. நல்ல வழக்கம். சொந்தபந்தங்களை விட்டு வந்த இடத்தில் நண்பர்கள்தான் உறவு. மூன்று நாள் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டால் அந்த உறவு இறுகும். ஆனால் அந்த மூன்று நாளும் கெட்டுப்போவதற்குக் காரணம் பெரும்பாலும் நேரத்தைத் தவறாகக் கணக்கிடுவதுதான். நகரத்தில் ஒரு மணி நேரம் தாமதமானால் சமாளித்துவிடலாம், மலையில் முடியாது.

முதல் தாமதம் முன்பதிவில். இந்த நாட்டில் பொது விடுமுறை ஞாயிற்றுக்கிழமை வந்தால் திங்கட்கிழமையும் விடுமுறை. அதனால் எது லாங் வீக்எண்ட் என்பது எல்லாருக்கும் ஆண்டு தொடக்கத்திலேயே தெரியும். மஹாய், டிடிமா, மங்க்ஸ் கவுல், இன்ஜிசூத்தி போன்ற டிராகென்ஸ்பர்க் முகாம்களை உள்ளூர்க் குடும்பங்கள் மாதக்கணக்கில் முன்னதாகவே பிடித்துவிடுவார்கள். நாமோ பத்து நாள் இருக்கும்போது வாட்ஸ்அப் குழுவில் "யார் யார் வர்றீங்க?" என்று தொடங்குகிறோம். அதோடு, ஒருவர் மட்டும் கையிலிருந்து பணம் கட்டிவிட்டு, கடைசி நேரத்தில் இரண்டு குடும்பம் பின்வாங்கினால் நட்பில்தான் கீறல் விழும். தலைக்கு இவ்வளவு என்று பணத்தை வாங்கிய பிறகு பதிவு செய்யுங்கள்.

எந்த வாரம் என்பதையும் யோசிக்க வேண்டும். நண்பர்களில் இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர்கள் இருந்தால், புனித வெள்ளியன்று அவர்களில் பலர் இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலுக்குப் போவார்கள். செப்டம்பர் 24 ஹெரிடேஜ் டே விடுமுறை, நாடு முழுவதும் பிராய் (திறந்தவெளியில் தணலில் இறைச்சி சுடுவது) போடும் நாள், ஆனால் அது எப்போதும் புரட்டாசியில்தான் விழும். அந்த மாதம் முழுக்கக் கறி தொடாத வீடுகள் டர்பனில் ஏராளம். இறைச்சி சுட்ட கம்பித்தட்டிலேயே அவர்களுக்குச் சோளத்தையும் பனீரையும் வாட்டிக் கொடுப்பது பெரிய தவறு. தனித் தட்டும் தனி இடுக்கியும் எடுத்துப் போங்கள். அவர்கள் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள், நாம்தான் நினைவில் வைக்க வேண்டும்.

அடுத்தது புறப்படும் நேரம். இதில்தான் அதிகம் பேர் தடுக்கி விழுகிறார்கள். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து கிளம்பினால் என்3 நெடுஞ்சாலையில் லாரிகளுக்கும் விடுமுறைக் கூட்டத்துக்கும் நடுவே ஊர்ந்து போக வேண்டும். வான் ரீனன் கணவாயில் மூடுபனி வேறு. முகாம்களின் கேட் இரவில் மூடப்படும். மூடும் நேரம் இடத்துக்கு இடம், பருவத்துக்குப் பருவம் மாறும். ஜூன் 16 விடுமுறைக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: அப்போது மாலை 5 மணிக்குச் சற்றுப் பின் சூரியன் மறையும். மலை மேற்கே நிற்பதால் அடிவாரத்தில் அதற்கும் முன்பே நிழல் விழுந்துவிடும். இருட்டில் டென்ட் அடித்தால் தரை சரிவா, மழை வந்தால் தண்ணீர் ஓடும் பள்ளமா, மேலே காய்ந்த கிளை தொங்குகிறதா என்று எதுவும் தெரியாது. அரை நாள் விடுப்பு எடுங்கள். முடியாவிட்டால் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து வருகிறவர்கள் ஹாரிஸ்மித்தில் இரவு தங்கிவிட்டுக் காலையில் போகலாம்.

வானிலையைப் பார்க்காமல் வண்டி எடுக்காதீர்கள். 2024 செப்டம்பரில், ஹெரிடேஜ் டேக்குச் சில நாள் முன்பு, வசந்த காலத்திலேயே கடும் பனி விழுந்து இதே என்3 மூடப்பட்டது. பலர் இரவெல்லாம் வண்டிக்குள்ளேயே கிடந்தார்கள்.

ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று மெல்லிய போர்வையோடு வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். குளிர்காலத்தில் அடிவாரத்திலேயே உறைபனி படியும். மேலே போர்த்துவதைவிடக் கீழே விரிப்பது முக்கியம்; தரைதான் உடம்புச் சூட்டை உறிஞ்சும். தடித்த விரிப்பு இல்லாமல் நல்ல ஸ்லீப்பிங் பேக் இருந்தும் பயனில்லை.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். குளிர் தாங்காமல் பிராய் அடுப்புக் கரியையோ கேஸ் அடுப்பையோ டென்ட்டுக்குள் கொண்டு போகாதீர்கள். கனன்றுகொண்டிருக்கும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. தூங்குகிறவர் விழித்துக்கொள்ள மாட்டார். ஜிப்பைக் கொஞ்சம் திறந்து வைத்தால் போதும் என்பதும் தவறு. குழந்தைகளுக்குக் குளிரும் என்றால் வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றிக் கொடுங்கள்.

கோடையில் ஆபத்து வேறு. டிராகென்ஸ்பர்க்கில் மதியத்துக்கு மேல் இடிமழை அடிக்கடி வரும். இட்லி, சட்னி எல்லாம் செய்து சாப்பிட்டு முடித்துப் பத்து மணிக்கு மலையேறத் தொடங்கினால், மின்னல் வெட்டும் நேரத்தில் திறந்த புல்வெளி முகட்டில் நிற்பீர்கள். விடியலில் கிளம்பி மதியத்துக்குள் இறங்கிவிடுங்கள், இட்லியைப் பிறகு சாப்பிடலாம். இடி கேட்டால் தனி மரத்தடியும் பாறை இடுக்கும் அடைக்கலம் அல்ல. டென்ட்டும் பாதுகாப்பில்லை, கார் பாதுகாப்பு. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழியும்வரை வெளியே வர வேண்டாம். மலையேறப் புறப்படும் முன், அதற்கென உள்ள பதிவேட்டில் பெயர், போகும் பாதை, திரும்பும் நேரம் மூன்றையும் எழுதுங்கள். மேலே செல்போன் சிக்னலை நம்ப முடியாது. தேடி வருகிறவர்களுக்கு அந்த ஒரு வரிதான் துப்பு.

சமையலில் டர்பன்காரர்களுக்கு ஒரு குறிப்பு. கடல் மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், 1,500 மீட்டர் உயரத்தில் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். பருப்பு வேக நேரம் பிடிக்கும், குக்கர் கட்டாயம். முதல் இரவுக்குப் புளியோதரை கட்டிக்கொண்டு போவதே நிம்மதி. விறகை வீட்டிலிருந்து ஏற்றிப் போகாதீர்கள். மரத்தைத் துளைத்துக் கொல்லும் ஒரு சிறு வண்டு இந்த நாட்டில் விறகு வழியாகவும் பரவுகிறது. முகாமுக்குப் பக்கத்திலேயே வாங்குங்கள். சாப்பாட்டுப் பொருளை டென்ட்டில் வைத்தால் குரங்கும் பபூனும் துணியைக் கிழித்து எடுக்கும். காருக்குள் பூட்டி வையுங்கள்.

மலைக்குப் பதில் குரூகர் வனவிலங்குப் பூங்காவுக்குப் போகிறவர்களுக்கு: உள்ளே தார்ச்சாலையில் வேக வரம்பு 50 கிலோமீட்டர், மண்சாலையில் 40. கூகுள் மேப் காட்டும் நேரத்தை நம்பிப் போனால் முகாம் கேட் மூடிவிடும். ஜூனில் மாலை 5.30. அது மலேரியாப் பகுதி. "நாம பார்க்காத கொசுவா" என்று அலட்சியம் செய்யாதீர்கள், ஊரில் பிறந்ததால் மலேரியாவுக்கு எதிர்ப்புச் சக்தி வந்துவிடாது. முன்கூட்டியே மருத்துவரைப் பார்த்து மாத்திரை கேளுங்கள். திரும்பிய பின் காய்ச்சல் வந்தால் எங்கே போயிருந்தீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள்.

போன இடத்தில் திடீரென்று "சானி பாஸ் ஏறிப் பார்க்கலாம்" என்று யாராவது சொல்வார்கள். அது ஒரு மலைக் கணவாய்ப் பாதை. மேலே இருப்பது லெசோத்தோ, வேறு நாடு. பாஸ்போர்ட், அந்த நாட்டு விசா விதி, திரும்பி நுழைய உங்கள் தென்னாப்பிரிக்க விசா இடம் தருமா, வாடகை வண்டியென்றால் எல்லை தாண்ட எழுத்துமூல அனுமதி என நான்கையும் வீட்டிலேயே பார்த்து வையுங்கள். ஃபோர் வீல் டிரைவ் இல்லாத வண்டியை அந்தப் பாதையில் ஏற விடமாட்டார்கள்.

திரும்பும் நாளில் மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு கிளம்பினால் என்3-யில் மொத்தக் கூட்டத்தோடும் மாட்டுவீர்கள். முந்தின இரவே பாத்திரங்களைக் கழுவிக் கட்டி, கணக்கையும் தீர்த்துவிடுங்கள். யார் யார் வண்டி ஓட்டுவது என்பதையும் அப்போதே பேசி, அவர்கள் அன்றிரவு குடிக்காமல் நேரத்தோடு தூங்கட்டும். காலை ஏழு மணிக்குள் டென்ட் பிரித்து வண்டியில் ஏறிவிட வேண்டும்.